மழை வரும்போல் இருக்கும் நாளில் காட்டுப்பாதையில் குழு சைக்கிள் பயணம்: ஐந்து வழிகள், எது யாருக்கு?

எட்டுப் பேர் சேர்ந்து மலை சைக்கிளில் காட்டுக்குள் போவதாகப் பேசி முடித்தாயிற்று. தேதி குறித்தாயிற்று, விடுப்பும் சொல்லியாயிற்று. அப்புறம்தான் வானிலை அறிக்கையைப் பார்க்கிறார்கள்: காலையில் வெயில், இடையிடையே மழை, பிற்பகலில் இடி மின்னலுக்கு வாய்ப்பு. உடனே வாக்குவாதம் தொடங்கும். “நனைந்தால் கரைந்தா போய்விடுவோம்?” என்பார் ஒருவர். ரத்து செய்துவிடலாம் என்பார் இன்னொருவர். பாதையைக் கொஞ்சம் சுருக்கினால் போதும் என்பார் மூன்றாமவர். மீதி ஐந்து பேரும் யாராவது முடிவெடுத்துத் தொலைத்தால் சரி என்று சும்மா இருப்பார்கள்.

போகலாமா, வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த வடிவப் பாதையில் போகப் போகிறீர்கள்? அதே காட்டில், அதே தூரத்தை ஐந்தாறு விதமாக ஓட்டலாம். வெயில் நாளில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. வானம் மாறும் நாளில் பாதையின் வடிவம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: பாதையின் மிகத் தொலைவான இடத்தில், குழுவிலேயே மெதுவானவரின் சைக்கிள் உடைந்தால், அவர் ஒரு கூரைக்குக் கீழே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? மொத்த தூரம், மொத்த ஏற்றம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கணக்கு எளிது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒற்றையடிப்பாதையில் நடந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர் என்பதே தாராளமான கணக்கு. 24 கிலோமீட்டரில் ஒரே சுற்று என்றால் அதன் தொலைவான இடம், எந்தப் பக்கம் திரும்பினாலும், 12 கிலோமீட்டர். மூன்று மணி நேர நடை. அதே 24 கிலோமீட்டரை எட்டெட்டாக மூன்று சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வண்டி நிறுத்திய இடத்துக்கே திரும்பும்படி வைத்தால், தொலைவான இடம் 4 கிலோமீட்டர். ஒரு மணி நேர நடை. ஓட்டிய தூரம் ஒன்றுதான். நனைந்த உடம்போடு நடக்க வேண்டிய நேரத்தில் இரண்டு மணி நேரம் குறைகிறது.

இரண்டாவது, மண். மணல் கலந்த மண் தண்ணீரை இறக்கிவிடும்; மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே ஓட்டலாம். களிமண் அப்படியில்லை. எந்த மண் என்று தெரியாவிட்டால், ஈரமான ஒரு பிடியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். நூல் திரிப்பதுபோல் நீளமாகத் திரண்டு வந்தால் களிமண், உதிர்ந்தால் மணல்.

களிமண்ணில் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். டயரில் ஒட்டும் மண்ணோடு உதிர்ந்த இலைகளும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கலவை முதலில் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் அடைக்கும். பிறகு பின்னால் கியர் மாற்றும் டிரேலியரின் சிறு சக்கரங்களுக்குள் போகும். செயின் சிக்கியது தெரியாமல், ஏற்றத்தில் இன்னும் ஒரு மிதி அழுத்தி மிதிப்பார்கள். டிரேலியர் மேலே இழுபட, அதைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு ஒடியும். அந்தத் துண்டு சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும் என்பதால், பக்கத்தில் இருப்பவரிடம் கடன் வாங்கவும் முடியாது. முதல் கேள்வியில் சொன்ன ‘உடைந்த சைக்கிள்’ பெரும்பாலும் இப்படித்தான் உடைகிறது. ஆளுக்கொரு ஹேங்கர் பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, குழுவுக்குள் இருக்கும் வேக வித்தியாசம். நான்காவது, கண்ணில் படாத செலவுகள். இவை வழிக்கு வழி மாறும் என்பதால் அங்கங்கே சொல்கிறேன்.

## வானிலை எப்படி மாறப் போகிறது?

‘மாறும் வானிலை’ என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு நாள்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, பிற்பகல் இடிமழை நாள். காலை வெயிலில் சூடான காற்று மலைச் சரிவில் மேலே ஏறி, மதியத்துக்குப் பிறகு மேகம் குவிந்து கொட்டும். இதற்கு மருந்து கடிகாரம்தான்: சீக்கிரம் கிளம்பி, மேகம் திரள்வதற்குள் உயரத்திலிருந்து இறங்கிவிடுவது.

இரண்டு, விட்டுவிட்டுத் தூறும் நாள். மின்னல் இல்லை, பெரிய குளிரும் இல்லை. தொந்தரவெல்லாம் மண்ணும் வேர்களும்தான். பட்டை உரிந்து வழவழப்பான ஒரு வேர், பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஓடினால் போதும், முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிவிடும். அதை நேர்க்குறுக்காக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். இன்னொன்று: மரங்கள் மழையைப் பிடித்து வைத்துப் பிறகு சொட்டுவதால், வெளியே நின்றுவிட்ட மழை காட்டுக்குள் நெடுநேரம் தொடரும்.

மூன்றாவதுதான் ஆபத்தான நாள்: குளிர்காற்று ஒரே வீச்சில் வந்து இறங்கும் நாள். சில மணி நேரத்துக்குள் மழை, காற்று, வெப்பநிலைச் சரிவு மூன்றும் சேர்ந்து வரும். காட்டில் கிளைகள் முறிந்து விழும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். இதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. 10 டிகிரியில் நனைந்த சட்டையும் காற்றும் போதும். நடுங்குபவரைவிட, பேச்சைக் குறைத்துக்கொண்டு, கையுறையின் பட்டையைப் போடத் தடுமாறுபவர் மேல் ஒரு கண் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | தொலைவான இடத்திலிருந்து வெளியேற (24 கி.மீ. ஓட்டத்தில்) | நனைந்த மண்ணில் | வேகம் வேறுபடும் குழுவுக்கு | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| ஒரே பெரிய சுற்று | 12 கி.மீ., குறுக்குவழி இருந்தால் குறையும் | பாதி தாண்டிய பிறகு வேறு வழியில்லை | மோசம் | காத்திருக்கும் நேரம், இருட்டு |
| மையத்துக்குத் திரும்பும் சிறு சுற்றுகள் | சுற்றுக்கு 4 கி.மீ. | மோசமான சுற்றை விட்டுவிடலாம் | மிக நன்று | உற்சாகம் வடிவது, குழு கரைவது |
| போன வழியே திரும்புதல் | 12 கி.மீ. வரை, எங்கும் திரும்பலாம் | அதே பாதை இருமுறை உழப்படும் | நன்று | எதிரே வருபவர்கள், ஒருவழிப் பாதை விதி |
| வண்டியில் ஏறி, சைக்கிளில் இறங்குதல் | கீழே மட்டும்தான் | திறமைக்குச் சோதனை | எல்லாரும் தேர்ந்தவர் என்றால் மட்டும் | ஓட்டுநர், குளிர், பிரேக் பேடு |
| தள்ளிப் போடுதல் | இல்லை | நாளை இன்னும் மோசமாகலாம் | இல்லை | மறுபடி கூடுவது |

## ஒரே பெரிய சுற்று

எல்லாருக்கும் பிடித்தது இதுதான். வந்த வழியை இரண்டாவது முறை பார்க்க வேண்டாம், முடித்ததும் ‘முழுச் சுற்று அடித்தோம்’ என்ற திருப்தி. நானும் வறண்ட நாளில் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மாறும் வானிலையில் இதன் கோளாறு இரண்டாவது பாதியில் தெரியும். பாதியை எட்டிவிட்டால் திரும்புவதும் முன்னே போவதும் ஒரே தூரம்தான். மூன்றில் ஒரு பங்கிலேயே மேகம் கறுத்தாலும், ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்று’ என்ற பேச்சு எழும். அதை எதிர்த்து ஒருவர் திரும்பலாம் என்று சொல்வது லேசான காரியமில்லை.

குழு பெரிதாக ஆக நேரமும் வீங்கும். தனியாள் இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும் சுற்றுக்கு எட்டுப் பேர் குழுவுக்கு நான்கு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஞ்சர், இரண்டு முறை மழைச்சட்டை மாட்டிக் கழற்றுவது, ஒவ்வொரு பிரிவிலும் காத்திருப்பது எல்லாம் சேர்ந்துவிடும். காத்திருப்பதிலும் ஓர் அநியாயம் நடக்கும். வேகமானவர்கள் கூட்டுப்பாதையில் பத்து நிமிடம் நின்று ஓய்வெடுப்பார்கள், கடைசி ஆள் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்ததும் “சரி, கிளம்பலாமா?” என்பார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்குக் கிடைக்காது. மழை நாளில் இது வேகமானவர்களையும் கடிக்கும்: வியர்த்த உடம்போடு பத்து நிமிடம் நின்றால் அவர்களுக்குத்தான் முதலில் குளிர் ஏறும்.

பெரிய சுற்று எப்போது சரி? குழுவில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகம், மண் மணல்பாங்கு, நடுவில் இரண்டு மூன்று இடங்களில் ஜீப் ரோடு குறுக்கிடுகிறது, இடிமழை மதியத்துக்குப் பிறகுதான், நீங்கள் விடியற்காலையிலேயே கிளம்புகிறீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம். ஓடை கடக்கும் இடங்களை மட்டும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே எங்கோ பெய்த மழை, நீங்கள் இருக்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே ஓடையை ஏற்றிவிடும். சுற்றின் கடைசிக் கட்டத்தில் அப்படி ஓர் ஓடை இருந்தால், சுற்றை எதிர்த்திசையில் ஓட்டி அதை முதலிலேயே கடந்துவிடுங்கள்.

## மையத்துக்குத் திரும்பும் சிறு சுற்றுகள்

வண்டி நிற்கும் இடத்தை நடுவில் வைத்து, மூன்று அல்லது நான்கு சிறு சுற்றுகள். பார்க்கக் கம்பீரமாக இருக்காது. வானத்தை நம்ப முடியாத நாளில் என் வாக்கு இதற்குத்தான்.

மின்னல்தான் முக்கியமான காரணம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி எடுக்கும்; 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, பாதுகாப்பான இடத்துக்குப் போயாக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. உலோகக் கூரை உள்ள மூடிய வண்டி அப்படிப்பட்ட இடம். திறந்த கொட்டகையும் தனியாக நிற்கும் உயரமான மரமும் அல்ல. இந்த அரை மணி நேரத்தைப் பெரிய சுற்றின் நடுவில் எங்கே கழிப்பீர்கள்? முகட்டிலிருந்து இறங்கி, சைக்கிளை விட்டு விலகி, ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் பிரிந்து, தாழ்ந்த மரங்களுக்கிடையே குத்துக்காலிட்டு உட்கார வேண்டியதுதான். அது வேறு வழியே இல்லாதபோது செய்வது. பாதுகாப்பு என்று அதைச் சொல்ல முடியாது. சிறு சுற்றில் வண்டிக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

மற்ற வசதிகளும் உண்டு. உலர்ந்த சட்டை, கூடுதல் ட்யூப், பெரிய பம்பு எல்லாவற்றையும் வண்டியிலேயே விட்டுவிட்டு லேசான பையோடு ஓட்டலாம். களைத்தவர் ஒரு சுற்றை விட்டுவிட்டு அடுத்ததில் சேரலாம். யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு சுற்று சகதியாகிவிட்டால் அதை மட்டும் விட்டுவிட்டு ஜீப் ரோட்டுச் சுற்றுக்கு மாறலாம்.

இதற்கும் விலை உண்டு. வண்டிக்குத் திரும்பி, கதவைத் திறந்து, சூடாக எதையாவது குடித்து உட்கார்ந்தவரை மறுபடி மழைக்குள் இழுப்பது பெரும்பாடு. இரண்டாவது சுற்றுக்கு ஆறு பேர், மூன்றாவதற்கு மூன்று பேர் என்று குழு தானாகக் கரையும். அதனால் கடினமான, அழகான சுற்றை முதலில் வையுங்கள். மேகம் பிற்பகலில் வருவதாக இருந்தால் உயரமான சுற்றும் அதுவாகவே இருக்க வேண்டும். இன்னொரு சங்கடம், எல்லாக் காடுகளிலும் பாதைகள் இப்படி ஒரே இடத்தில் வந்து கூடுவதில்லை. உங்கள் காட்டில் அப்படி இல்லையென்றால் அடுத்த வழியைப் பாருங்கள்.

## போன வழியே திரும்புதல்

‘அதே பாதையா?’ என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் தெரியாத காட்டுக்கு முதல் முறை போகும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. எந்த இடத்தில் வேண்டுமானாலும் திரும்பலாம், திரும்பும் வழியில் என்னென்ன இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும், ஜிபிஎஸ் போனாலும் தொலைய மாட்டீர்கள். குளிரில் செல்போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இரண்டு சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். காய்ந்திருக்கும்போது ஏறிய சரிவை, நனைந்த பிறகு இறங்குவீர்கள். ஏறும்போது ஒன்றுமே இல்லை என்று தோன்றிய வேர்க்கூட்டம் இறங்கும்போது வேறு முகம் காட்டும். பாதைகளுக்கு வண்ணத்தில் தரம் குறித்திருந்தால், ஈரத்தில் ஒரு படி கடினம் என்று கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்தது, சில ஒற்றையடிப்பாதைகள் ஒருவழி. எதிர்த்திசையில் ஏறக் கூடாது. முன்கூட்டியே பாருங்கள்.

இந்த வழிக்குத் தூரத்தில் எல்லை வைக்காதீர்கள், நேரத்தில் வையுங்கள். ‘பதினொன்றரைக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்’ என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால், வழியில் பேரம் பேச இடமிருக்காது.

## வண்டியில் ஏறி, சைக்கிளில் இறங்குதல்

மலை சைக்கிள் பிறந்ததே ஏறக்குறைய இப்படித்தான். 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், கனமான பழைய சைக்கிள்களை வண்டியில் மேலே ஏற்றி, மண்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கால்பிரேக்கின் சூட்டில், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்த கிரீஸ் எரிந்து புகையும். கீழே வந்ததும் பிரித்துப் புதிதாக அடைக்க வேண்டும். இன்று டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, ஆனால் இறக்கத்தின் செலவு இப்போதும் பிரேக்கில்தான் விழுகிறது. மணலும் சகதியும் கலந்த நீளமான இறக்கம், மிருதுவான ரெசின் பேடுகளை ஒரே நாளில் தேய்த்து முடித்துவிடக் கூடும். உலோகத்தூள் கலந்த சின்டர்டு பேடுகள் ஈரத்தில் அதிகம் தாங்கும். உங்கள் டிஸ்க்கில் ‘ரெசின் பேடு மட்டும்’ என்று எழுதியிருந்தால் மாற்றக் கூடாது. கூடுதலாக ஒரு ஜோடி ரெசின் பேடு எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிரின் கணக்கும் வேறு. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேலே 5 டிகிரி இருக்கும்போது 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், காற்றின் குளிர் சேர்ந்து தோலுக்கு 0 டிகிரிபோல் இருக்கும். அது உலர்ந்த தோலுக்கு. ஏறி மிதித்து உடம்பைச் சூடாக்கும் வேலையும் இல்லை. விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது. முழு விரல் கையுறையும் காற்றுப் புகாத சட்டையும் இல்லாதவரை மேலே ஏற்றாதீர்கள்.

அப்புறம் சாவி. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வண்டி வைத்தால், கீழே நிற்கும் வண்டியின் சாவி, மேலே நிற்கும் வண்டியிலுள்ள பையில் இருக்கும். வேடிக்கையாகத் தோன்றலாம், நனைந்து நிற்கும்போது தோன்றாது. இறங்கத் தொடங்கும் முன் அதைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே வண்டி என்றால், ஓட்டுநராக ஒருவர் நாள் முழுக்க சைக்கிளைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதும் செலவில் சேரும்.

நல்ல வானிலை இரண்டே மணி நேரம்தான், குழுவில் எல்லாரும் ஈரமான வேரில் ஓட்டிப் பழகியவர்கள் என்றால், இந்த வழியில் அந்த இரண்டு மணி நேரமும் முழுசாகப் பயன்படும். ஒரே ஒருவர் புதியவர் என்றாலும் வேண்டாம். பாதியில் அவர் பயந்து நின்றுவிட்டால், இறங்கி நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

## தள்ளிப் போடுதல்

குளிர்காற்று வீசும் மூன்றாவது வகை நாள் என்றால் யோசிக்க வேண்டாம், தள்ளிப் போடுங்கள்.

மற்ற நாள்களில் ஒரு பொறி இருக்கிறது. ‘இன்றைக்கு இரவு மழை, நாளைக்கு வெயில், நாளைக்கே போவோம்’ என்பார்கள். களிமண் காட்டில் இது தலைகீழ். மழைக்கு முந்தைய காலைப் பொழுதில் பாதை இறுக்கமாக இருக்கும். மழைக்கு மறுநாள் வெயிலடித்தாலும் சேறுதான். எட்டுப் பேரின் டயர்கள் அதில் போடும் தடம் காய்ந்து கெட்டியாகி, அடுத்த மழையின் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் ஓடிப் பாதையை அரிக்கும். சேற்றைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போனால் பாதை அகலமாகி ஓரச் செடிகள் மிதிபடும். டயர் பள்ளமாகப் பதிகிறது என்றால் திரும்பிவிடுவதே நியாயம். தள்ளிப் போடுவதானால் மண் காய ஒரு நாளைக்கு மேல் கொடுங்கள், அல்லது மறுநாள் ஜீப் ரோட்டில் மட்டும் ஓட்டுங்கள்.

## குழு ஒத்துவராவிட்டால்

முந்தைய இரவே ஒரு வழியையும், அதற்கு மாற்றாக இன்னொன்றையும் முடிவு செய்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. காலையில் மேகத்தைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். முன்னால் யார், கடைசியில் யார், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதும் அந்தச் செய்தியிலேயே இருக்கட்டும். கடைசியில் வருபவரிடம் கருவிகளும் முதலுதவிப் பையும் இருக்க வேண்டும். உடைந்து நிற்பவர்கள் எல்லாரும் கடைசியில் அவர் கையில்தான் வந்து விழுவார்கள்.

பாதிப் பேர் பெரிய சுற்றும் பாதிப் பேர் சிறு சுற்றும் கேட்டால் இரண்டாகப் பிரியலாம். ஆனால் எந்தப் பகுதியிலும் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, ஒருவர் உதவி தேடிப் போக ஆள் வேண்டும். நான்கு பேர் இருந்தால் இன்னும் நல்லது, உதவிக்குப் போகிறவர் தனியாகப் போக வேண்டியிருக்காது. ஐந்து பேர்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் பிரியாதீர்கள். அன்றைக்கு எல்லாரும் சிறு சுற்றுதான். பெரிய சுற்று கேட்பவர்கள் வானம் தெளிந்த இன்னொரு நாளில் பார்த்துக்கொள்ளட்டும்.